அரை கிலோ கூடக் காட்டும் தராசு

ராயபுரத்தில் நான் மீன் வாங்கும் அக்காவின் மேடைத் தராசு, எதை வைத்தாலும் அரை கிலோ கூடவே காட்டும். அதற்காக அவரோடு சண்டை போடாத வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான். அவர் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரர். சப்பை மூக்கு, சித்திரை வெயிலிலும் ரெயின்கோட். போட்டி நெருங்கினால் எடை குறைக்க அதைப் போட்டுக்கொண்டு எண்ணூர் வரை ஓடிவிட்டு, வியர்வை சொட்ட வந்து, மீன்கூடையை இறக்கச் சொல்லித் தராசில் ஏறி நிற்பார்.

"நைனா, ஒன்ன வுட என் மீனே தேவல, இவ்ளோ நாறாது" என்பார் அக்கா.

"பொய் சொல்ற தராசுல போய் ஏறுறீங்களே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதான் சார் நமக்கு சேஃப்டி. எடை கொஞ்சம் ஏறினாலும் ரிங்குல வுடாம அனுப்பிடுவாங்கோ. இதுல கரீட்டா கீதுன்னா, அங்க கம்மியாத்தான் காட்டும். எதிர்ல நிக்கிறவன்கூட பேஜாரு இல்ல சார், எடை மெஷினுதான் பேஜாரு."

போட்டிக்கு மறுநாள் ரெயின்கோட் இல்லாமல் வந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஜெயித்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, இன்றுவரை தெரியாது. அவருக்காக ஒரு முழு வஞ்சிரத்தை எடுத்துத் தராசில் வைத்தார் அக்கா. திறந்திருந்த மற்ற கண்ணால் எடையைப் பார்த்தவர் அலறினார்:

"இன்னாக்கா அநியாயம் இது! அரை கிலோ ஜாஸ்தி காட்டுது!"