ராக்காயியின் கரிக்கோடுகள்

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் பலகை வீட்டு வரிசைக்கு ராக்காயி அக்கா குடிவந்தது 1979இல். லாரியிலிருந்து முதலில் இறங்கியது சாமான் அல்ல, அக்காவின் தம்பி பத்துமலை. ஒரு பழைய கதவில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள்.

"பாத்து மச்சான், உடையற சரக்கு," என்று படுத்தபடியே அவன் சொன்னது வரிசை முழுக்கக் கேட்டது.

அக்கா பின்னால் வந்தார். ஒரு கையில் ரேடியோ, மறு கையில் காகிதத்தில் சுற்றிய கரித்துண்டுகள். அடுப்புக்கென்று நினைத்தோம்.

சிம்பாங் பூலாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் அவர்கள். 1972இல் மறுநடவுக்காகக் கிழட்டு மரங்களைச் சாய்த்தபோது ஒரு மரம் திசை மாறி விழுந்தது. பத்துமலைக்கு அப்போது இருபத்தொரு வயது. கழுத்துக்குக் கீழே அசைவெல்லாம் அன்றோடு போயிற்று. அக்காவுக்கு முப்பத்துமூன்று; புருஷன் காய்ச்சலில் இறந்து ஒரு வருஷம்; பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் வந்து பார்த்துச் சொன்னது ஒரே பேச்சு: "பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, ராத்திரியில மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடு. இல்லாட்டி முதுகு அழுகிப் போயிரும்."

இப்படி ஒன்றைக் கேட்டால் நாமெல்லாம் தலையாட்டுவோம். ஒரு வாரம் செய்வோம். அக்கா அதை, விடியலுக்கு முன் ஆள் எண்ணும் பெரட்டில் தண்டல் போட்ட உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. தோட்டத்தில் சங்கு ஊதுவதை வைத்து நேரம் பார்த்தாராம். இங்கே வந்தபின் ரேடியோ.

கரி எதற்கென்று குடிவந்த இரண்டாம் நாள் தெரிந்தது. அசதியில் கடைசியாக எந்தப் பக்கம் போட்டோம் என்று மறந்துபோகும். அதனால் ஒவ்வொரு திருப்பலுக்கும் கட்டிலுக்கு மேலே பலகைச் சுவரில் ஒரு கோடு. இடம் என்றால் இடப்பக்கம் சாய்ந்த கோடு, வலம் என்றால் வலப்பக்கம், மல்லாக்க என்றால் நேராக. சாய்வு அப்படியே பால்மரத்தில் கத்தி போகும் சாய்வு.

"மரத்துக்கும் இதானேலா," என்றார் ஒருநாள். "ஒரே பக்கம் வெட்டிக்கிட்டே இருந்தா பட்டை செத்துரும். இந்தப் பக்கத்துக்கு ஓய்வு குடுத்துட்டு அந்தப் பக்கம் போனாத்தான் மறுபட்டை வரும். மனுசத் தோலு அதுக்குக் கொறஞ்சதா?"

ஒருதடவை அக்காவுக்குக் காய்ச்சல். நாங்கள் இரண்டு பெண்கள் சேர்ந்து பத்துமலையைத் திருப்பினோம். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எங்களுக்கு. விரிப்பில் ஒரு மடிப்பு விட்டுப்போனதைக் கவனிக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முதுகில் ஒரு விரற்கடை நீளத்துக்குச் சிவப்பு. அக்கா எங்களை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவும் இல்லை.

ஈப்போவில் அத்தனை தியேட்டர் இருந்தும் அக்கா ஒரு படம் பார்த்ததில்லை. எந்தத் தமிழ்ப் படம் இரண்டு மணி நேரத்தில் முடிகிறது? கல்யாணத்துக்கு வந்தால் தாலி ஏறும், அக்கா எழுந்துவிடுவார். பந்தியில் உட்கார்ந்ததே கிடையாது.

இரண்டு தெரு தள்ளி ஒரு சீனர் காப்பிக் கடையில் கோப்பை, மங்கு கழுவி வந்தார். நேரமானதும் ஈரக்கையோடு ஓடி வருவார், திருப்புவார், ஓடுவார். கடைக்காரக் கிழவர் கண்டுகொள்ளமாட்டார். 1983இல் கிழவரின் மகன் கடையை டவுனுக்கு மாற்றினான். போக வர பஸ்ஸிலேயே ஒரு மணி நேரம். வேறு வேலை என்றால் தையல் பேக்டரி, எட்டு மணி நேரம் ஒரே மூச்சில். அங்கே போனால் பத்துமலையை அரசாங்க இல்லத்தில் விடவேண்டும். வீட்டில் இருந்தால் அரிசி இல்லை. இரண்டுக்கும் நடுவே வேறு வழி இருக்கிறதாகத் தெரியவில்லை.

வழி சொன்னவள் அடுத்த வீட்டு மங்களம். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு. அங்கே காதில் விழாத சங்கதி கிடையாது.

"யக்கா, படுக்கையில கெடக்கற ஆளை வீட்டுல வச்சுப் பாத்துக்கறவங்களுக்கு அரசாங்க வெல்பேர் ஆபீசுல மாசாமாசம் காசு குடுக்கறாங்களாம்லா. கஷ்டப்பட்ட குடும்பந்தானான்னு ஆபீசர் வந்து பாத்துட்டுக் குடுப்பாராம்."

"என்னய வித்தாக்கூட அவ்வளவு வராதே," என்றான் பத்துமலை.

விண்ணப்பப் பாரம் எழுதிப் போட்டார்கள். புதன்கிழமை ஆபீசர் வருகிறார் என்று கடிதம் வந்தது. அங்கேதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கெடுத்தோம்.

வரிசையில் இருந்த அத்தனை பேரும் தோட்டத்துச் சனம். தோட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை துரை வீடு பார்க்க வருவார். சுண்ணாம்பு அடித்து, வாசல் கூட்டி, பாத்திரத்தைத் தங்கமாகத் துலக்கி வைக்கவேண்டும். எந்த வீடு மோசமோ அந்த வீட்டுக்குத் திட்டு. இருப்பதில் நல்லதை எடுத்து வை, அசிங்கத்தை மறை: இரண்டு தலைமுறையாக எங்களுக்குத் தெரிந்த ஒரே பரிசோதனை அதுதான். இல்லாமையைக் காட்டினால்தான் தேறலாம் என்று ஒரு பரிசோதனை உலகத்தில் இருக்கும் என்பது எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

சின்னையா அண்ணன் தன் வீட்டு டீவியைத் தூக்கி வந்தார். எதிர்வீட்டு மின்விசிறி வந்தது. இரண்டு மெத்தை நாற்காலி வந்தது. மங்களம் தன் சங்கிலியைக் கழற்றி அக்கா கழுத்தில் போட்டாள். சுவர் கரிக்கோடாகக் கிடப்பது அசிங்கம் என்று தன் பூப்போட்ட படுக்கை விரிப்பை அதன் மேல் ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். அக்கா கோட்டைத் தொடாமல் மறைத்தால் சரி என்று விட்டுவிட்டார். பத்துமலைக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, சட்டை மாட்டி, மூன்று தலையணை முட்டுக் கொடுத்து உட்காரவைத்தோம்.

"பொண்ணு வீட்டுக்காரங்க எத்தனை மணிக்கு வாராங்க?" என்றான்.

"வாயை மூடு, பவுடர் உள்ள போயிரும்," என்றாள் மங்களம்.

ஆபீசர் வள்ளியப்பன் தாப்பாவில் துணிக்கடை வைத்திருந்த செட்டியார் வீட்டுப் பிள்ளை. நாற்பது வயது இருக்கும். மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, ஆரஞ்சு தண்ணீரைக் கொஞ்சம் குடித்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்தார்.

"டீவி இருக்குபோல?"

அக்கா வாய் திறப்பதற்குள் மங்களம் முந்திக்கொண்டாள். "அவங்களோடதுதான் சார். கலர் இல்ல, கறுப்பு வெள்ளைதான்."

ஆபீசர் எழுதினார். அக்காவின் கழுத்தைப் பார்த்தார், அதையும் எழுதினார். பத்துமலை பக்கம் திரும்பினார். "தம்பி எப்படி இருக்கீங்க?"

துரை கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று பத்துமலைக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். "நல்லா இருக்கேன் சார்! ஒரு கொறையும் இல்ல!"

அன்று சாயந்திரம் நாங்கள் சந்தோஷமாக டீவியைத் திருப்பி எடுத்துப் போனோம்.

பதில் வந்தது. மலாயில் இருந்ததை மங்களத்தின் மகள் வாசித்துச் சொன்னாள். குடும்பம் வசதியாக இருக்கிறது, உதவி தேவைப்படவில்லை. ஆட்சேபம் இருந்தால் மாதக் கடைசிக்குள் நேரில் வரலாம். மங்களம் தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு இரவு வரிசையில் யாரும் டீவி போடவில்லை.

மாதக் கடைசி நாள் காலை. ஒன்பது மணிக்குத் தம்பியைத் திருப்பிவிட்டு அக்கா வெல்பேர் ஆபீசுக்குப் பஸ் ஏறினார். பதினொன்றுக்குள் திரும்பவேண்டும். பத்தே கால் தாண்டித்தான் கூப்பிட்டார்கள்.

"உங்க வீட்டை நான் நேர்ல பாத்தேனேம்மா," என்றார் வள்ளியப்பன்.

"டீவி சின்னையா அண்ணனோடது. சங்கிலி மங்களத்தோடது. நாற்காலி, பேன் எல்லாம் எரவல். என்னோடது ஒரு பாய், அதைச் சுருட்டி வச்சிருந்தோம்ங்கய்யா."

வள்ளியப்பன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நான் வாரேன்னா டீவியைக் கட்டிலுக்கு அடியில ஒளிக்கிறவங்களைத்தாம்மா இத்தனை வருஷமாப் பாத்திருக்கேன். எரவல் வாங்கி வச்சுக் காட்டினவங்களைப் பாத்ததே இல்ல. அப்பவே சொல்றதுக்கென்ன?"

"மங்களம் நடுவீட்டுல நின்னு சொல்லிருச்சு. நான் இல்லன்னா அது பொய்க்காரி ஆயிரும்லா."

அவருக்கு நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஒரு பாரத்தை எடுத்து, மேல் அதிகாரி முன்னால் கைநாட்டு வைக்கவேண்டும், வெளியே காத்திருங்கள் என்றார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்தைந்து. எழுந்துகொண்டார்.

"எங்கம்மா? இன்னிக்குத்தான் கடைசி நாள். இப்ப விட்டா மறுபடி முதல்லேர்ந்து எழுதிப் போடணும், மாசக்கணக்காகும்."

"தம்பியைத் திருப்பணும்ங்கய்யா."

"அரை மணி லேட்டானா என்ன?"

அக்காவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "ஆனதில்லங்கய்யா," என்றார். பஸ்ஸுக்கு ஓடினார்.

பேக்டரிக்கே போவதென்று முடிவாயிற்று என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒரு மணி ஆகப்போகும் நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். வள்ளியப்பன், கையில் அந்தப் பாரத்தோடு. கைநாட்டு வாங்கித் தானே எடுத்துப் போவதாக மேல் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே வந்தவர் அப்படியே நின்றார்.

நாற்காலி இல்லை. பூப்போட்ட விரிப்பு இல்லை. தரையிலிருந்து கூரைத் தகரம்வரை, மூலைக்கு மூலை, சுவர் முழுக்கக் கோடு. வரிசை வரிசையாக இடம், நேர், வலம். பழைய கோடு மங்கிய இடத்தில் அதன் மேலேயே புதுக் கோடு. நிரை பிடித்து நட்ட தோட்டம் மாதிரி இருந்தது. தினம் பார்க்கிற எங்களுக்கு அது வெறும் கரி. அவர் பார்த்த பார்வையில்தான் நாங்களும் அன்று அதைப் பார்த்தோம்.

"இது என்னம்மா?"

"திருப்பினதுங்க."

"எல்லாமா?"

"இந்த வீட்டுக்கு வந்தபெறகு போட்டது. தோட்டத்துல போட்டது அங்கேயே இருக்கு."

ரேடியோவில் மணி சொன்னார்கள். அக்கா பேச்சை விட்டுவிட்டுத் தம்பியின் தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்தார். ஒரு மூச்சு. பத்துமலை வலப்பக்கம் சாய்ந்தான். சட்டையை மேலே தூக்கி, முதுகை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

பதினொரு வருஷம் படுக்கையில் கிடந்த முதுகு. ஒரு புண் இல்லை, ஒரு தழும்பு இல்லை. தேங்காயெண்ணெய் மினுங்க, வெய்யிலையே பார்க்காத பிள்ளையின் தோல் மாதிரி இருந்தது.

வள்ளியப்பன் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தார். எதற்காகக் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கட்டில் அருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"எங்கப்பா நாலு மாசந்தான் கெடந்தாரு," என்றார். "பாத்துக்க நாங்க ஆறு பேரு. இருந்தும் முதுகு பூரா..."

"என்ன சார், முதுகையும் எரவல்னு சந்தேகப்படறீங்களா?" என்றான் பத்துமலை சுவரைப் பார்த்தபடி. அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

தரையில் உட்கார்ந்து பாரத்தை நிரப்பினார். சொத்து என்ற இடத்தில் ரேடியோ ஒன்று. அடுத்து அக்காவின் தொழில். "வேலை இல்லைன்னு போட்டுர்றேன்க்கா."

"வேலை இல்லன்னு எழுதாதீங்கய்யா. இருக்குல்ல."

"வேலை இருக்குன்னா சம்பளம் எவ்வளவுன்னு கேப்பாங்கக்கா. அப்பறம் சுசா, சிக்கலாயிரும்."

"கேக்கட்டும். உள்ளதை எழுதுங்க. போன தடவ அலங்காரம் பண்ணித்தானே இம்புட்டும்."

அவர் யோசித்தார். தொழில் என்ற இடத்தில் 'தம்பியைப் பராமரித்தல், இரவும் பகலும்' என்றும் சம்பளம் என்ற இடத்தில் 'இல்லை' என்றும் எழுதினார். அக்காவின் கட்டைவிரலில் ஏற்கெனவே கரி இருந்தது. துடைத்துவிட்டு மையில் தொட்டு வைத்தார்.

உதவி வந்தது. பெரிய தொகை இல்லை. அரிசி, எண்ணெய், தம்பிக்குச் சோப்பு, அவ்வளவுதான். ஆனால் அக்கா பேக்டரிக்குப் போகவில்லை, பத்துமலை இல்லத்துக்குப் போகவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி வந்து பார்ப்பது சட்டம். அடுத்த வருஷம் ஆபீசர் வருகிறார் என்றதும் மங்களம் இந்தத் தடவை தப்பு செய்வதில்லை என்று, அக்காவின் சொந்த அண்டாவைக்கூடத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டாள். வள்ளியப்பனுக்குத் தண்ணீர் கொடுக்க வீட்டில் குவளை இல்லை.

அவர் எதையும் எழுதவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ரேடியோ மணி சொல்லும்வரை கட்டில் பக்கத்திலேயே நின்றார்.

"எந்தப் பக்கம்க்கா?"

"இடது. தோளைப் பிடிங்க, இழுக்காதீங்க."

பிடித்துத் திருப்பினார். வேர்த்துவிட்டது அவருக்கு. அக்கா விரிப்பின் மேல் கையை ஓட்டிப் பார்த்தார். ஒரு மடிப்பு இருந்தது. அதை இழுத்து நேராக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் சுவரில் கோடு போட்டார்.