கடைசி வண்டிக் குறட்டை

துணுக்காயில் வீரகத்தியின் குறட்டையைக் கேளாத காது கிடையாது. சாப்பிட்ட கை காயுமுன் நித்திரையாகிவிடுவான். செத்தவீட்டுப் பந்தலிலும் குறட்டை விட்டு வசை வாங்கியவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அந்த ஊரிலிருந்து மாங்குளத்துக்கு நெல் ஏற்றிய வண்டிக்காரர்களில் அவனும் ஒருவன். ஆள் நல்ல மொத்தம், கழுத்து எருமைக்கடாவின் கழுத்து. கும்பகர்ணன் என்று கூப்பிட்டால் கோபிக்கமாட்டான். சிரித்துவிட்டு மறுபடி கண்ணை மூடுவான்.

அந்தக் குறட்டைக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். யானைப் பயத்தால் வண்டிகள் பகலில், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காடு கடக்கும். வளைவுகளில் பின்வண்டி கண்ணுக்குத் தெரியாது. அதனால் வீரகத்தியைக் கடைசியில் விடுவார்கள். மாடுகள் முன்வண்டியைப் பார்த்துத் தம்பாட்டில் நடக்கும். அவன் மூட்டையில் சாய்ந்து முழங்குவான். சத்தம் கேட்டால் கடைசி வண்டி வருகிறது, திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. சத்தம் நின்றால் ஆள் எழும்பிவிட்டான், அது இன்னும் நல்லது. இதுதான் அவர்கள் கணக்கு.

கணக்கு பிழை என்பது ஒருத்திக்குத்தான் தெரியும். அவன் பெண்சாதி கமலாசனிக்கு. குறட்டை ஏறி ஏறி வந்து சட்டென்று அறுந்துபோகும். நெஞ்சு எழும்பி எழும்பி விழும், காற்று மட்டும் உள்ளே போகாது. அவள் தன் மூச்சையும் பிடித்து அளந்து பார்ப்பாள். தன்னால் முடியாமல் விட்டபிறகும் அவன் இழுக்காவிட்டால் விலாவில் இடிப்பாள். அமிழ்ந்தவன் தண்ணீருக்கு மேலே வந்ததுபோல ஓர் இழுவை இழுத்து, கண் திறக்காமலே மறுபடி தொடங்குவான். கலியாணம் முடித்த புதிதில் அவள் மூச்சு விடுமுன் அவனும் இழுத்துவிடுவான். இப்போதோ இடித்தபிறகும் அவள் இரண்டாம் தரம் மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது.

முன்வண்டிக்கார இளையதம்பி அவளுடைய கூடப்பிறந்த தமையன். அவனிடம் போய்ச் சொன்னாள்.

"அண்ணை, இவரை நடுவில விடுங்கோ. சத்தம் நிண்டா ஆரும் ஒருக்கா இறங்கித் தட்டி எழுப்புங்கோ. நித்திரையில இவருக்கு மூச்சு நிண்டுபோகுது."

"விசர்க்கதை கதையாதை. மூச்சு நிண்டவன் எழும்பி மாடு அவிழ்ப்பானோ? குறட்டை விடுறவனுக்கு ஒரு நோய் வருத்தமும் வராது."

"நான் பக்கத்தில கிடந்து பாக்கிறனான், அண்ணை."

"அப்ப நீயும் வண்டியில ஏறி வாவன்!"

சுற்றி நின்ற வண்டிக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஏறியிருக்கலாம். ஆனால் நாலு பேர் சிரிப்புக்குக் கூசிப்போய், தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

மறுநாள் நெல் ஏற்றிப் போன வண்டிகள், அதற்கடுத்த நாள் பொழுது சாயும் நேரம் திரும்பின. சலங்கைச் சத்தம் கேட்டுக் கமலாசனி வேலிப் படலைக்கு ஓடினாள். மற்ற வண்டிகள் அவளைத் தாண்டிப் போயின. கடைசி வண்டியின் மாடுகள் பழக்கத்தில் தாமாகவே படலைக்குள் திரும்பி நின்றன. வீரகத்தி வெறும் சாக்குகளின்மேல் மல்லாந்து கிடந்தான். அவள் விலாவில் இடித்தாள். திரும்பவும் இடித்தாள். பிறகு அவன் காலைத் தொட்டுப் பார்த்தாள். அது குளிர்ந்து விறைத்திருந்தது.

றோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இளையதம்பி சிரித்தபடி வந்தான்.

"பாத்தியே, நீ சும்மா பயந்தனி! இண்டைக்கு மச்சான் பாதிக் காட்டிலயே எழும்பிட்டான். பிறகு ஊர்வரைக்கும் ஒரு சத்தமில்லை. நாங்கள் நிம்மதியா வந்தனாங்கள்."