ஆடி கழிவதற்குள் ஒரு சவரக்கத்தி

பிள்ளைகளே, கடையில் பிளேடு விற்கும்போது அப்பா ஏன் இந்தப் பழைய கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று தினமும் கேட்கிறீர்கள். வாயைச் சுற்றிச் சோப்பு நுரை இருக்கும்போது பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெஷின்களுக்கு எண்ணெய் போடும் வேலை. அதற்கு முன் நாலு வருடம் மலையில் தேயிலைச் செடிகளைக் கழித்துவிடும் கவ்வாத்து வெட்டினேன். ஞாயிறு காலையில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையின் கோடியில் நாவிதர் வந்து உட்காருவார். நாற்பது முகம், ஒரு கத்தி, ஒரு டின் தண்ணீர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு இருந்த வசதி அவ்வளவுதான். அந்த வருடம் என் தாடை முழுக்கச் சிவந்து, பொருக்குத் தட்டி, சீழ் வைத்துவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஊதா மருந்து தடவிவிட்டு, "வேற ஆக்களின்ர கத்தி படக் கூடாது, விளங்கிச்சோ?" என்றார்.

அந்த ஊதா முகத்தோடு இருந்தபோதுதான் உங்கள் தாத்தா, அம்மாவின் அப்பா, மாப்பிள்ளை பார்க்க வந்தார். அம்மாவை மாரியம்மன் திருவிழாவில் பால்குடத்தோடு ஒருமுறை பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு வேறு பெண் என் நினைவில் இல்லை.

தாத்தா தேத்தண்ணியைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"என்ன தம்பி, மூஞ்சி இப்புடி?"

"கத்தி பட்டுப் புண்ணாயிருச்சு மாமா."

"எல்லாருந்தான் வழிச்சுக்கிறாங்க. ஒனக்கு மட்டும் என்ன வந்துச்சு? ஒங்க பரம்பரையில யாருக்கும் இருந்துச்சா?"

என்னை வளர்த்த அக்கா கொதித்துப்போனாள். "எங்க பரம்பரையில அப்புடி ஒண்ணும் கெடையாது. வேணும்னா என் மூஞ்சியப் பாருங்க!"

"கோவப்படாத தாயி. ஆடி பொறந்திருச்சு, இப்ப ஒண்ணும் பேச முடியாது. ஆடி கழியட்டும். மூஞ்சி தெளிஞ்சா பேசுவோம். இல்லன்னா வட்டகொடையில ஒரு பையன் இருக்கான்."

எனக்கு ஒரு மாதம் இருந்தது. தாடி விட்டால் வீட்டில் சாவு விழுந்தவன்போல் இருக்கும். பிளேடு போடும் மிஷின் எங்கள் தோட்டத்தில் கிளாக்கர் ஐயாவிடம் மட்டும்தான் இருந்தது. சொந்தமாக ஒரு கத்தி வேண்டும் என்று ஹட்டனுக்குப் போனேன். ஒரு முஸ்லிம் நானாவின் பழைய இரும்புக் கடையில், சீமைக்குப் போன யாரோ ஒரு துரை விட்டுப்போன சாமான்களுக்கு நடுவே இரண்டு சவரக்கத்திகள் கிடந்தன. இரண்டும் துரு. ஒன்று கனமானது, மற்றது தேய்ந்து மெலிந்து, பிடியும் உடைந்தது.

"நானா, இது வெட்டுமா?"

கடைக்காரர் தன் தாடியைத் தடவிக்கொண்டார். "வெட்டினா நான் ஏன் தம்பி இப்பிடி இரிக்கிறன்?"

இரண்டையும் வாங்கி வந்தேன். முதலில் கனமான கத்தியை எடுத்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சலித்த சாம்பலால் தேய்த்தபோது வெள்ளி மாதிரி வந்தது. தீட்டுவதற்கு நான் யாரையும் கேட்கவில்லை. கவ்வாத்துக் காட்டில் என் கத்தியைப்போல் இன்னொரு கத்தி கிடையாது என்ற திமிர். அதே கல்லில், அதே பழக்கத்தில், முதுகைத் தூக்கிப் பிடித்து, வெட்டும் வாயை மட்டும் பத்து நாள் தீட்டினேன். பிறகு தாடையில் வைத்து இழுத்தேன். மயிர் வரவில்லை, தோல் வந்தது.

அக்கா துணியோடு ஓடிவந்தாள். ரத்தத்தைப் பார்த்துப் பயந்தவள், சின்னக் காயம்தான் என்று தெரிந்ததும், "நல்லாத்தான் கவ்வாத்து வெட்டியிருக்க. கொழுந்து எப்பத் துளிர்க்கும்?" என்றாள்.

அந்தக் கத்தி பாழ். மெலிந்த கத்தியைத் துடைக்க உட்கார்ந்தேன். துரு போனதும் ஒன்று தெரிந்தது. அதன் முதுகில், இரண்டு பக்கமும், நுனி முதல் அடிவரை ஒரே அகலத்தில் தேய்ந்து பட்டையாக இருந்தது. முதுகால் யாரும் சிரைப்பதில்லை. பிறகு முதுகு எப்படித் தேயும்? இரண்டு நாள் மெஷின் சத்தத்துக்குள் இதையே யோசித்தேன். மூன்றாம் நாள், எண்ணெய் டின்னைக் கையில் பிடித்தபடியே பிடிபட்டது. அந்தத் துரை தீட்டும்போது கத்தியின் முதுகைத் தூக்கவே இல்லை. முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படும்படி படுக்க வைத்துத் தேய்த்திருக்கிறார்.

கவ்வாத்துக் கல் இதற்கு முரடு. பள்ளிக்கூடத்தில் உடைந்துபோன சிலேட்டுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். ஸ்டோரில் கழித்துப்போட்ட மெஷின் பெல்ட்டின் தோலைக் கதவு நிலையில் ஆணியால் அடித்து, அதில் முன்னும் பின்னும் இழுத்தேன். பழைய தேயிலைத் தூரைச் செதுக்கிப் பிடி போட்டேன். முன்கையில் வைத்தபோது மயிர் சத்தமில்லாமல் உதிர்ந்தது. கத்தியை வெந்நீரில் முக்கி, என் முகத்தை நானே வழித்தேன். புதிதாகப் புண் வரவில்லை. பழையதும் மெல்ல மெல்ல ஆறியது.

ஆடிக் கடைசி ஞாயிறு தாத்தா வந்தார். என் தாடையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தெளிஞ்சுதான் இருக்கு. மருந்தப் பூசி மறைச்சிருக்கியா?"

"இல்ல மாமா. சொந்தக் கத்தி."

"எங்க, காட்டு."

பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு நாலு நாள் தாடி. வழி, பாப்போம்."

இன்னொருவர் முகத்தை நான் அதுவரை தொட்டதில்லை. கன்னம் முடிந்து கத்தி தொண்டைக்கு வந்தபோது, அக்கா வாசற்படியில் நின்று, "இப்ப மாட்டேன்னு சொல்லிப் பாருங்க மாமா!" என்றாள். தாத்தாவால் சிரிக்க முடியவில்லை. எனக்கும் சிரிக்கத் துணிவில்லை. ஒரு கீறல் விழுந்தால் எல்லாம் போச்சு என்று கத்தியை இன்னும் படுக்க வைத்து இழுத்தேன்.

கீறல் விழவில்லை. தாத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கா கொண்டுவந்து வைத்து ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். பெண் தருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். 

எனக்கு முன்பே பதில் தெரிந்தவள் உங்கள் அம்மாதான். கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள்: "அப்பா வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னாடி நின்னு கன்னத்தத் தடவிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் அம்மாவக் கூப்பிட்டு, 'இங்க தொட்டுப் பாரு'ன்னாரு. நான் அடுப்படியில போயி சிரிச்சுக்கிட்டேன்."