ஆமை ஆராய்ச்சி

மத்தியானம் மூன்றே காலுக்குச் செய்தி வந்தது. அலுவலகத்தில் உண்ட மயக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். அழைத்தவர் பேருந்து நிலைய மேலாளர். அந்த நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில்தான் அக்கா வேலை பார்த்தாள்.

"மேடம், உங்க அக்கா சீட்டுல இருந்தபடியே சாஞ்சுட்டாங்க. நம்ம ஆளுங்க ரெண்டு பேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. இப்பதான் போன் பண்ணினாங்க. இறந்துட்டாங்களாம்."

இறந்துட்டாங்களாம். கடைசியில் ஒட்டியிருந்த அந்த 'ஆம்' காதில் விழுந்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல். இவர் நேரில் பார்க்கவில்லை, யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார், ஆகவே இன்னும் எதுவும் உறுதியில்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் நின்ற அத்தானின் முகத்தைப் பார்க்கும்வரை அக்கா எனக்குச் சாகவில்லை. இப்படியெல்லாம் யோசிக்கிற வியாதியை ஒட்டவைத்தவளும் அவள்தான். செத்த அன்றுகூட ஒரு மனுஷியை நிம்மதியாக அழவிடாமல் இலக்கணம் பார்க்க வைத்துவிட்டுப் போனாள்.

அக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது மொழியியலும் தத்துவமும் இணைந்த முதுகலைப் படிப்பில். வீட்டில் யாருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை.

"அது என்ன ரெண்டு? ஒண்ணை ஒழுங்கா படிச்சா போதாதா?" என்றார் அப்பா.

"ஒண்ணை மட்டும் படிச்சா பாதிதான்பா புரியும்."

"ரெண்டையும் படிச்சா?"

"மிச்சப் பாதி புரியவே இல்லைன்னு நல்லா புரியும்."

அப்பா செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இரண்டு துறைகளும் இரண்டு கட்டடங்களில் இருந்தன. நடுவில் ஒரு சைக்கிள் கொட்டகை. காலையில் மொழியியல் கட்டடத்தில் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, கிளை கிளையாகப் பிரித்துப் போடுவார்கள். மதியம் தத்துவக் கட்டடத்தில் அதே மாதிரி ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, இது உண்மையா, உண்மை என்றால் என்ன என்று இழுப்பார்கள். மாலையில் அக்கா வீட்டுக்கு வந்து எங்களை இழுப்பாள்.

அம்மா ஒரு நாள், "நேத்து ராத்திரி அசந்து தூங்கினேன்டி" என்று சொல்லிவிட்டாள்.

"தூங்கினேன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? நீதான் தூங்கிட்டு இருந்தியே."

"முழிச்சிருந்தா உன் பேச்சு காதுல விழுந்திருக்குமே. விழலை. அதான் தெரியும்."

அக்கா அரை மணி நேரம் அந்தப் பதிலைப் பாராட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அடுப்பு வேலை கெட்டது.

ஆய்வேட்டுக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள்தான் இந்த 'ஆம்'. ஆமாம் என்று சொல்கிற ஆம் அல்ல. வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிற ஆம். 'மழை பெய்யுது' என்றால் நான் பார்த்தேன். 'மழை பெய்யுதாம்' என்றால் யாரோ சொன்னார்கள். 'இவரு பெரிய அறிவாளியாம்' என்றால் நான் நம்பவில்லை. குழந்தைகள் விளையாடும்போது 'நீ டாக்டராம், நான் நோயாளியாம்' என்றால் யாரும் சொல்லவும் இல்லை, யாரும் நம்பவும் இல்லை, ஆனாலும் ஊசி போட்டால் கத்த வேண்டும். இத்தனை வேலையையும் ஒரே வால் செய்கிறதா, அல்லது ஒரே மாதிரி இருக்கும் பல வால்களா? அப்படிச் சொல்கிறவருக்கு, சொன்னது பொய்யாகிப் போனால் பொறுப்பு உண்டா? முதல் கேள்வி ஒரு கட்டடத்துக்கு, இரண்டாவது இன்னொரு கட்டடத்துக்கு.

"எதைப் பத்திடீ ஆராய்ச்சி?" என்று அப்பா கேட்டார்.

"ஆமைப் பத்திப்பா."

"ஆமையா? கடல் ஆமையா?"

அன்றோடு தீர்ந்தது. எங்கள் வீட்டில் அந்த ஆய்வேட்டுக்கு ஆமை என்றே பெயர். "ஆமை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று யாராவது கேட்பார்கள். "தலையை உள்ள இழுத்துடுச்சு" என்பாள்.

இழுத்ததற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு இரண்டு வழிகாட்டிகள். மொழியியல் அம்மையார், "அர்த்தத்தை விடும்மா, எந்தச் சொல்லோட ஒட்டுது, எதோட ஒட்டலைன்னு மட்டும் பாரு" என்பார். தத்துவப் பேராசிரியர், "எதோட ஒட்டினா நமக்கென்ன? சொன்னவன் பொறுப்பாளியா இல்லையா, அதைச் சொல்லும்மா" என்பார். அந்தக் கட்டடத்தில் சேர்த்த உதாரணங்களை இந்தக் கட்டடத்தில் வெட்டினாள். இங்கே எழுதிய வாதத்தை அங்கே வெட்டினாள். இரண்டு வருடம் இப்படிச் சைக்கிள் கொட்டகையைக் குறுக்கே கடந்தே கழிந்தது. பிறகு அப்பா படுத்தார், எழுந்திருக்கவில்லை. அக்கா ஆமையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பேருந்து நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கவுண்டருக்கு மேல் 'விசாரணை' என்று பலகை. கண்ணாடிக்குப் பின்னால் மைக். சன்னல் கிடையாது. அங்கிருந்து ஒரு பேருந்தும் கண்ணுக்குத் தெரியாது. என்ன வருகிறது, என்ன கிளம்பிவிட்டது என்பதெல்லாம் இன்டர்காமில் வரும். அக்காவுக்கு இதைவிடப் பொருத்தமான வேலையும் இல்லை, பொருந்தாத வேலையும் இல்லை.

ஒரு முறை அவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது நானே பார்த்தேன்.

"பஸ் எப்பங்க?"

"அஞ்சரைக்காம்."

"காம்னா? உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குச் சொன்னாங்க. நான் உங்களுக்குச் சொல்றேன்."

"நீங்கதானே விசாரணை?"

"விசாரிக்கிறது நீங்க சார். நான் பதில்."

அந்த ஆள் மேலாளரிடம் போய்விட்டார். மேலாளர் வந்தார். பேருந்து தாமதமானால் தன்னைத் திட்டுவார்கள் என்று சதா பயந்துகொண்டிருப்பவர்.

"மேடம், இந்த ஆம், ஏம் எல்லாம் வேணாம். அஞ்சரைக்குன்னு அடிச்சுச் சொல்லுங்க."

"அடிச்சுச் சொன்னா அஞ்சரைக்கு வந்துடுமா சார்?"

"வராது. ஆனா சனங்க நிம்மதியா நிப்பாங்க."

அக்கா மூன்று நாள் அடித்துச் சொன்னாள். நான்காம் நாள் மறுபடி 'காம்'. பிறகு அவரும் விட்டுவிட்டார். பயணிகள் பழகிக்கொண்டார்கள். 'காம் அம்மா' என்றார்கள். அந்த அம்மா 'காம்' இல்லாமல் ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால், சந்தேகமே வேண்டாம், பேருந்து ஏற்கனவே வந்து நிற்கிறது என்று அர்த்தம் என்றும் சொல்லிக்கொள்வார்களாம்.

இருபத்தைந்து வருடம். எந்தப் படிவத்தில் கல்வித் தகுதி கேட்டாலும் 'முதுகலை (முடிக்கவில்லை)' என்று எழுதுவாள். எழுதாமல் விடு என்றால் கேட்கமாட்டாள். இளங்கலை என்று மட்டும் போடு என்றால், "அப்ப அந்த ரெண்டு வருஷம் நான் எங்க இருந்தேனாம்?" என்பாள். அந்த அடைப்புக்குறி அவளை உறுத்தியது எனக்குத் தெரியும். பதவி உயர்வுக்காக அவள் எதையும் கேட்டதில்லை. சாவதற்குள் அந்த அடைப்புக்குறியை எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போன வருடம் பல்கலைக்கழகம் பழைய மாணவர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று அறிவித்தது. பாதியில் விட்டவர்கள் ஒரு வருடத்துக்குள் ஆய்வேட்டை ஒப்படைத்தால் பட்டம். அதற்குப் பிறகு கதவு மூடப்படும். அக்கா பெட்டியைத் திறந்தாள். தட்டச்சு செய்தவள் நான். தட்டச்சு மென்பொருள் எங்கெல்லாம் 'ஆம்' பார்த்ததோ அங்கெல்லாம் எழுத்துப்பிழை என்று சிவப்புக் கோடு போட்டது. ஆய்வேடு முழுக்க ரத்தக் களரி. இரண்டு துறைகளிலும் இப்போது புது வழிகாட்டிகள். இரண்டு பேருமே ஒப்புதல் கொடுத்தார்கள். தன் பாதி சரியாக இருக்கிறது, மறு பாதியை அந்தக் கட்டடம் பார்த்துக்கொள்ளும் என்று இவர் நினைத்தார், அவரும் அதையே நினைத்தார். எப்படியோ, ஆமை கரையேறிவிட்டது என்று நான் கேக் வாங்கி வந்தேன்.

அப்போதுதான் உறுதிமொழிப் பக்கம் வந்தது.

எல்லா ஆய்வேட்டிலும் முதல் பக்கத்தில் இருப்பது. இது என் சொந்த ஆய்வு, இதே பொருளில் இதற்கு முன் எவராலும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வேடு அளிக்கப்படவில்லை என்று உறுதி கூறுகிறேன். கீழே இடம், நாள், கையொப்பம். நான்கு பிரதிகள். இரண்டு நிமிட வேலை.

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தரை மாணவர்கள் ஸ்டேப்ளர் என்பார்கள். பேசும்போது கையில் ஒரு ஸ்டேப்ளரை வைத்து அமுக்கிக்கொண்டே இருப்பார்.

"சார், என்னால அளிக்கப்படலைன்னு நான் சொல்லலாம். எவராலும்னு நான் எப்படிச் சொல்றது?"

"எல்லாரும் அப்படித்தாம்மா கையெழுத்து போடுறாங்க."

"எல்லாருக்கும் எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியாது. அதான் போடுறாங்க."

"அளிக்கப்படவில்லையாம்னு மாத்தித் தர்றீங்களா?"

ஸ்டேப்ளர் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"உறுதி கூறுகிறேனாம்னும் மாத்திடலாமா?" என்றார்.

அக்கா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சந்தோஷமாகிவிட்டாள். "இல்ல சார், அது வராது. உறுதியை அடுத்தவர் சொல்லிக் கேட்டதா சொல்ல முடியாது. பாருங்க, உங்களுக்கே தெரியுது" என்று ஆய்வேட்டின் ஒரு உட்பிரிவை அவருக்கு அங்கேயே விளக்க ஆரம்பித்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டு, துறைத் தலைவரிடம் பேசி, 'நான் அறிந்தவரையில்' என்று ஒரு தொடரைச் சேர்க்க அனுமதி வாங்கித் தந்தார். ஒரு மனிதர் அதற்குமேல் என்ன செய்ய முடியும்?

வெளியே வந்ததும், "சரி, போடு" என்று பேனாவை நீட்டினேன்.

"இப்ப எப்படிடி போடுறது? அறிந்தவரையில்னா அறிய முயற்சி பண்ணியிருக்கணும்ல. நான் எங்க தேடினேன்?"

நடுத்தெருவில் நின்று கத்திவிட்டேன். "கேட்டா சிரிப்பாங்கக்கா! இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு வாசப்படியில நின்னுக்கிட்டு செருப்பு அளவு சரியான்னு பார்க்கறே!"

"பார்க்காம போட்டா கடிக்குமே" என்றாள்.

அதற்குப் பிறகு தேடல். ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்துக்கும் மின்னஞ்சல். வார விடுமுறையில் நேரில் போய்ப் பட்டியல்களைப் புரட்டினாள். அத்தான் சமையல் கற்றுக்கொண்டார், அதுவும் அரைகுறைதான். எல்லா இடத்திலிருந்தும் இல்லை என்று பதில் வந்தது. ஒரே ஒரு நூலகம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கெடு வெள்ளிக்கிழமை. "பதில் வரலைன்னா பரவாயில்லைக்கா, போட்டுடு" என்று ஞாயிற்றுக்கிழமை கெஞ்சினேன். "வியாழக்கிழமை வரைக்கும் பார்க்கறேன்" என்றாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கவுண்டரில் சாய்ந்தாள். அன்று மாலை ஐந்து மணிக்கு, ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்திருந்த அவளுடைய போனில், அந்த நூலகத்தின் பதில் வந்தது. அப்படி எந்த ஆய்வேடும் எங்களிடம் இல்லை, தாமதத்துக்கு வருந்துகிறோம். ஒரு நாள் முன்னால் வருந்தியிருந்தால் இவர்களுக்கு என்ன குறைந்திருக்கும்?

இறுதிச் சடங்கு முடிந்து, இன்று வியாழக்கிழமை காலை ஸ்டேப்ளர் அழைத்தார். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார்.

"மேடம், துறைத் தலைவர்கிட்ட பேசிட்டேன். கையெழுத்து போட்ட பிரதி நாலும் நாளைக்கு வந்துட்டா, இறந்தவங்க பேர்ல பட்டம் கொடுக்க விதி இருக்கு. வீட்டுல பாருங்க, போட்டு வச்சிருப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நல்லா தேடிப் பாருங்க" என்று மறுபடி சொன்னார். என்ன சொல்கிறார் என்று புரிந்தது.

அத்தானுக்கும் புரிந்தது. நான்கு பிரதிகளையும் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"நீயே போட்டுடும்மா. பள்ளிக்கூட நாள்லயிருந்து அவ கையெழுத்தை நல்லா போடுவியாமே."

"முடியாது அத்தான். நாளைக்கு அவர் கேட்டா, அவதான் போட்டான்னு நான் எப்படி வாயால சொல்றது?"

"போட்டாளாம்னு சொல்லு."

இருவரும் சிரித்துவிட்டோம். இந்த மூன்று நாளில் இந்த வீட்டில் முதல் சிரிப்பு. பிறகு அவர் எழுந்து உள்ளே போய் முகம் கழுவினார். குழாய் வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். நாளைக்கு நான் அந்த அலுவலகத்துக்குப் போகப்போவதில்லை. எரிச்சலாக இருக்கிறது. அந்த அடைப்புக்குறியை எடுக்க இரண்டு நிமிடம் போதும், என் கை அதற்கு வரவில்லை. அவள் உயிரோடிருந்தால் இதற்கும் என்னைப் பாராட்டி அரை மணி நேரம் பேசியிருப்பாள் என்று நினைக்கும்போது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

நான்கு பிரதிகளில் மூன்றில், 'இடம்' என்ற வரியில் ஊரின் பெயரை அழகாக எழுதி வைத்திருக்கிறாள். நாள் இல்லை, கையொப்பம் இல்லை. நான்காவதில் இடமும் எழுதவில்லை.