ஞொக்கி என்று சொன்னதற்காக

நான் வேலை பார்க்கும் உணவகத்தில் தினமும் யாராவது ஒருவர் ‘நோச்சி’ கேட்பார். உருளைக்கிழங்கையும் மாவையும் பிசைந்து, விரல் நுனியளவு உருட்டி, வெந்நீரில் போட்டு எடுக்கும் இத்தாலியப் பண்டம். அதன் பெயர் ஞொக்கி. லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் இந்தச் சிறு நகரத்தில் அதை ஒருவர் நோச்சி என்பார், ஒருவர் நாக்கி என்பார், இன்னொருவர் முன்னால் ஒரு ‘க்’ சேர்த்துக் க்னோக்கி என்பார். எல்லாவற்றையும் இப்போது சமையலறைக்குள் நின்று கேட்கிறேன். போன வருடம் வரை மேசையருகே நின்று ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தேன்.

இங்கே வருவதற்கு முன் நான்கு வருடம் இத்தாலியில், பொலோஞா நகரத்தில் இருந்தேன். முதலில் பாத்திரம் கழுவினேன், பிறகு மாவு பிசைந்தேன். என் பெயர் ஞானப்பிரகாசம். பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தின் ‘ஜி’, ‘என்’ இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஞொக்கிக்கும் அதே இரண்டுதான், இத்தாலியில் அவை சேர்ந்தால் ஞ. அங்கே முதலாளியம்மா முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு, தடுமாறாமல் ‘ஞானா’ என்று கூப்பிட்டார். அதற்காக என்னை நன்றாக நடத்தினார் என்று நினைத்துவிட வேண்டாம். திட்டும்போது பெயரைச் சரியாகச் சொல்லித் திட்டினார், அவ்வளவுதான். இங்கிலாந்துக்கு வந்தபோது மேலாளர் இரண்டு நாள் ‘ஜி-நானா’ என்று முயன்று பார்த்தார். மூன்றாம் நாள் சட்டையில் குத்திக்கொள்ள ‘கேரி’ என்று ஒரு பட்டை தந்தார். நானும் குத்திக்கொண்டேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, வாரந்தோறும் வரும் ஓர் அம்மாள் நான்கு விருந்தாளிகளுடன் வந்தார். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் உணவக விதி. “இரண்டு ஞொக்கி, ஒரு புருஸ்கெத்தா” என்றேன். சுட்ட ரொட்டிமேல் தக்காளி வைத்துத் தருவதுதான் புருஸ்கெத்தா. அந்த அம்மாள் சிரித்தார். குழந்தைக்குச் சொல்லித்தருவதுபோல உதட்டைக் குவித்து, “நோச்சி. புருஷெட்டா. எங்கே, நீங்கள் சொல்லுங்கள்” என்றார். விருந்தாளிகள் என் வாயையே பார்த்தார்கள். பொலோஞாவில் நான்கு வருடம் வேலை பார்த்தேன், அங்கே இப்படித்தான் சொல்வார்கள் என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

மறுநாள் மேலாளர் என்னை அழைத்தார். மரியாதைக் குறைவாகப் பேசியதாகப் புகார் வந்திருந்தது. மேற்பார்வையாளர் இடம் அந்த மாதம் காலியாகவிருந்தது. எனக்குத்தான் என்று அவரே சொல்லியிருந்தார். “நீ சொன்னது சரியாகவே இருக்கலாம் கேரி. அவர்கள் இங்கே சாப்பிட வருகிறார்கள், படிக்க வரவில்லை” என்றார். அந்த இடம் என்னைவிட இரண்டு வருடம் பின்னால் சேர்ந்த ஒரு பெண்ணுக்குப் போனது. நல்ல பெண். அவளும் நோச்சி என்றுதான் சொல்வாள். எனக்குச் சமையலறை.

அடுப்படியில் நின்று மனதுக்குள் எல்லோரையும் வைதுகொண்டிருந்தபோதுதான் அப்பாவின் நினைவு வந்தது. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது கொடைக்கானலில் ஒரு ஓட்டலில். சாணார்பட்டிப் பக்கம் தக்காளி போடுகிறவர் அப்பா. வத்தலக்குண்டில் பஸ் மாறி ஒருநாள் என்னைப் பார்க்க மேலே வந்தார். உட்காரவைத்து என்ன வேண்டும் என்று கேட்டேன். “அந்தப் பிச்சாங்கறாகளே, அது ஒண்ணு குடுப்பா” என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல், பீட்சா என்று அவர்கள் முன்னாலேயே திருத்தினேன். அப்பா கோபப்படவில்லை. “நீ சொல்றதுதாம்ப்பா சரி. எனக்கு டீயே போதும்” என்றார். இறக்கும்வரை அந்தப் பண்டத்தை அவர் கேட்கவே இல்லை. அந்த அம்மாளை வைய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இந்த விடுமுறையில் ஊருக்குப் போனேன். தங்கையின் கணவர் அருள் திண்டுக்கல்லில் நத்தம் சாலையில் ஓர் இத்தாலிய உணவகம் திறந்திருக்கிறார். வேலைக்காரர்களுக்குப் பண்டங்களின் பெயர்களை நான் ஒருநாள் சொல்லித்தர வேண்டும் என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இங்கே யாருக்கும் கஷ்டமில்லை, நம் எழுத்திலேயே ஞ இருக்கிறது என்று சொல்லி, ஞொக்கி என்று சொல்லவைத்தேன். நான்கு பேரும் பிசிறில்லாமல் சொன்னார்கள். அருள் என்னைத் தனியே அழைத்துப்போனார்.

“மச்சான், தப்பா நெனைக்காதீக. ஞொக்கி பக்கின்னு சொன்னா பட்டிக்காட்டான்னு சிரிச்சிருவாக. லண்டன்ல எப்டிச் சொல்றாகளோ, அதச் சொல்லிக் குடுங்க.”

பொலோஞாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கடன் வாங்கித் திறந்த கடை, என் தங்கையின் சோறு. திரும்பிப் போய், “நோச்சி” என்றேன். நால்வரும் திருப்பிச் சொன்னார்கள். அருளுக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது.

திறப்பு விழாவன்று நல்ல கூட்டம். உள்சுவரில் ஆளுயரப் படம் ஒன்று மாட்டியிருந்தது. நான்தான். நான் எப்போதோ அனுப்பிய புகைப்படம்: வெள்ளைத் தொப்பி, கறுப்பு ஏப்ரன், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கீழே ‘எங்கள் லண்டன் செஃப்’ என்று எழுதியிருந்தது. வேட்டி சட்டையில், கையில் தட்டோடு அதன் கீழே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொள்ள அங்கே வந்தது. செல்போனை நீட்டிய இளைஞர் என்னைப் பார்த்துப் பணிவாகத்தான் சொன்னார்.

“அண்ணே, செத்த தள்ளி நில்லுங்க. லண்டன்காரர மறைக்கிறீக.”

நகர்ந்து நின்றேன்.