ஒற்றைக் காம்புக் காசும் ஜோகுபாளையமும்

பழைய அமெரிக்கச் செப்புக் காசு கையில் இருக்கிறது, யாரிடம் காட்டுவது, எப்படி எடுத்துப் போவது என்று சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் நிபுணன் இல்லை, ரிடையரான கணக்கு வாத்தியார். இதற்காக வாழ்நாளில் ஒரே ஒரு பயணம் போனேன். 1962 ஜூன் மாதம், ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு. தலையும் புரியாமல் வாலும் புரியாமல் திரும்பி வந்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

அப்பா சென்னைத் துறைமுகத்தில் மேஸ்திரி. அவர் விட்டுப்போன தகர டப்பாவில் பழைய வெள்ளி ரூபாய் அளவில் இரண்டு செப்புக் காசுகள் இருந்தன. இரண்டிலும் 1801. ஒரு பக்கம் பெண் தலை, மறுபக்கம் இலை வளையம். வளையத்துக்குக் கீழே ஒரு பின்னம்: நூறில் ஒன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றின் கீழ் மூன்று பூஜ்யம்! பூஜ்யத்தால் வகுக்காதே என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். ஒரு தேசமே இப்படிக் காசு அடித்திருக்கிறதே என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர்தான் வழி சொன்னார். அவர் மைத்துனர் செல்வராஜ் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் டை மேக்கர், அதாவது இரும்பில் அச்சு வெட்டுகிறவர். போர்க் காலத்தில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் அவருக்குப் பதினோரு காசும் படம் போட்ட ஒரு புத்தகமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். டப்பாவில் மேலே கிடந்த காசின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தப் படியை அவருக்குத் தபாலில் அனுப்பினேன். எட்டாம் நாள் பதில். "சார், பதினேழு வருஷமா இதைத்தான் தேடறேன். உடனே எடுத்துக்கிட்டு வாங்க."

பள்ளி வேலையில் மூன்று வாரம் போய்விட்டது. கிளம்புகிற காலையில் டப்பாவைத் திறந்தால் ஒரே ஒரு காசுதான் இருந்தது. இன்னொன்று எங்காவது உருண்டிருக்கும், இரண்டும் ஒன்றுதானே என்று இருந்ததைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஓடினேன். இந்தப் பயணத்தில் நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

காலை 6.10 பாசஞ்சர். மூன்றாம் வகுப்பு, மூன்று ரூபாய் எண்பது நயா பைசா. கிட்டத்தட்ட நூற்று நாற்பது கிலோமீட்டர். குப்பம் ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. பங்காருபேட்டையில் இட்லி, காப்பி நாற்பது பைசா. கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது 10.40. ஜட்காக்காரர் ஜோகுபாளையத்துக்கு ஒரு ரூபாய் கேட்டார். "அல்சூர் தாண்டிப் போவணும் சார். குதுரெக்கும் வயிறு இருக்குது இல்லே?" என்றார். முக்கால் ரூபாய்க்குப் படிந்தது.

செல்வராஜ் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எண்ணெய்க் கறை போகாத விரல்கள். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு மரத் தட்டை எடுத்து வைத்தார். பன்னிரண்டு குழி, பதினோரு காசு. அந்தக் காலத்தில் அச்சில் ஒவ்வொரு எழுத்தையும் கையால் அடித்து இறக்குவார்களாம். அதனால் ஒரே வருஷத்துக் காசிலும் அச்சுக்கு அச்சு வித்தியாசம். இலையின் நுனி எந்த எழுத்துக்குக் கீழே முடிகிறது, பழம் எத்தனை, வருஷத்தின் கடைசி எண் எங்கே இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு எல்லாம் ஒரே இலை, ஒரே பழம். சரி சரி என்று மண்டையை ஆட்டினேன்.

பிறகு என் காசை லென்ஸில் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது அது இல்ல சார்."

"அதேதான். பூஜ்யத்தைப் பாருங்களேன்!"

"பூஜ்யம் வேற அச்சுலயும் இருக்குது. நீங்க அனுப்புன படியில வளையத்துக்கு எடப் பக்கக் காம்பு இல்ல. அச்சு வெட்னவன் மறந்துட்டான். இதுல ரெண்டு காம்பும் இருக்குது. அந்தக் காசு எங்க?"

டப்பாவில் இரண்டு இருந்ததையும், காலையில் ஒன்று காணாமல் போனதையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே பொய் மாதிரி கேட்டது.

"சும்னே கதெ சொல்லாதீங்க சார். மெட்ராஸ்ல எவனோ நல்ல விலை குடுத்தான்னு நேரா சொல்லிடுங்க. வாத்தியார்ன்னு நம்பினேன்."

காது மடல் சுட்டது. என்னை அதுவரை யாரும் பொய்யன் என்று சொன்னதில்லை. அவர் மனைவி வார்த்து வைத்த தோசையைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். அல்சூர் ஏரிக்கரையில் வழி தப்பி இரண்டு தடவை சுற்றி, நாலு மணி வண்டியைப் பிடித்தேன். வழியெல்லாம் காம்பு, காம்பு என்றே மண்டைக்குள் ஓடியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவைக் கேட்டேன். அம்மா அசையவில்லை.

"தங்கச்சி வீட்டுக்குப் போன வாரம் புது வாசக்கால் நிறுத்தினோமே, அடியில நவதானியத்தோட செப்புக் காசு போட வேணாமா? நல்லா எடுப்பா இருந்ததைப் போட்டேன். ரெண்டும் ஒரே பொம்பளத் தலைதானேடா? உனக்குத்தான் ஒண்ணு விட்டு வெச்சேனே!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாசக்காலைப் பெயர்க்கிற பேச்சுக்கே இடமில்லை. நடந்ததை அப்படியே செல்வராஜுக்கு எழுதிப் போட்டேன். நம்புவார் என்ற நம்பிக்கை கொஞ்சமும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளே வந்து நின்றார். அவரையும் அம்மாவையும் நேராகத் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வாசக்கால் முன்னால் உட்கார்ந்து சிமெண்டைத் தடவிப் பார்த்தார். முகத்தில் சந்தேகம் அப்படியேதான் இருந்தது. என்னைப் பார்க்காமல் அம்மாவைக் கேட்டார்.

"அம்மா, நீங்க போட்ட காசுல இலை வளையம் எப்டி இருந்துச்சு?"

"எடப் பக்கம் காம்பே இல்லாம மொட்டையா இருந்துச்சுப்பா. மத்ததுல ரெண்டு பக்கமும் இருந்துச்சு. போடும்போதே பாத்தேன். ஏன், எதாவது குத்தமா?"

செல்வராஜ் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா பேசிட்டேன் சார்" என்றார். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். உள்ளே வரச் சொன்னோம். அந்தக் காசைத் தாண்டிக் கால் வைக்க மாட்டேன் என்று தெருவில் நின்றே காப்பி குடித்தார். பன்னிரண்டாவது குழியில் என் பென்சில் படியை வெட்டி ஒட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

போகிறவர்களுக்கு: காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இரண்டு பக்கமும் படி எடுத்து, எந்தக் காசின் படி என்று மேலே எழுதுங்கள். வருஷத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம், தங்க அவசியமில்லை. அப்புறம், கிளம்புவதற்கு முன்னால் இரண்டு காசையும் அம்மாவிடம் காட்டி என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.