எட்டுக்கு அடுத்து ஐந்து

மழை விட்ட சாயங்காலங்களில் பெரட்டுக் களத்தின் சிமெண்டுத் தரையிலிருந்து ஈரமும் ரப்பர் பாலின் புளித்த வாடையும் கலந்து எழும். விடியற்காலையில் பெரியவர்கள் பேர் கொடுக்க வரிசையாக நிற்கும் அந்த இடம், வேலை முடிந்த பிறகு லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளான எங்கள் ஆறு பேருக்குச் சொந்தம். பீடோர் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம்.

நாங்கள் ஆடிய ஆட்டம் ரோஸ்மேரி வாங்கிய தண்டனையில் பிறந்தது. அவள் பக்கத்து வீட்டுப் பெண், என் வகுப்பு. வகுப்பில் பேசியதற்காக, ஒன்றை ஏழால் வகுத்து முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார். "முடியவே மாட்டேங்குது லா. அதே ஆறு நம்பருதான் சுத்திச் சுத்தி வருது" என்று அன்று சாயங்காலம் களத்தில் கரித்துண்டால் எழுதிக் காட்டினாள்: 142857.

இரண்டால் பெருக்கினோம்: 285714. மூன்றால் பெருக்கினோம்: 428571. ஆறு வரை எதனால் பெருக்கினாலும் அதே இலக்கங்கள், அதே வரிசை; தொடங்கும் இடம் மட்டும் மாறியது. ஆளுக்கொரு இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வட்டமாக நின்றோம். ஒருவர் 'மூணு' என்றால், மனக்கணக்காகப் பெருக்கி, விடையில் முதலில் வரும் இலக்கக்காரர் உள்ளே கால் வைக்க வேண்டும். தவறினால் தலையில் 'கொட்டு'.

நான் எட்டு, ரோஸ்மேரி ஐந்து. எதனால் பெருக்கினாலும் வட்டத்தில் எட்டுக்கு அடுத்து ஐந்துதான். அவளிடம் பேச நாக்கு எழாத எனக்கு, கணக்கே பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தது. ஏழாக நின்ற சேகர் மட்டும் கண்டுபிடித்துவிட்டான். "என்னா எட்டு, மத்தியானத்திலேருந்து வாசல்லயே நிக்கிற? அஞ்சு இன்னும் சாப்பிடுதுடா" என்பான்.

பிறகு ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய்க்கான செம்பனை நட முடிவானது; பால்வெட்டுக்காரர்களுக்கு வேலை போனது. ரோஸ்மேரியின் அப்பா ஆயர் தாவார் என்ற ஊரில் வேலை தேடிக்கொண்டார். லோரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது கடைசியாக ஆடினோம். போகாதே என்று சொல்லத் தெரியாத நான், ஆட்டம் நடக்கும்வரை அவள் ஏற மாட்டாள் என்பதுபோல், ரெண்டு, அஞ்சு, நாலு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அவள் அம்மா குரல் கொடுத்தார். "ஏழு போட்டதே இல்லையே" என்றாள் ரோஸ்மேரி. குனிந்து, ஏழால் பெருக்கித் தரையில் எழுதினாள். 999999.

எல்லோரும் ஒன்பது.

"அப்ப நான் எங்க நிக்கிறது?" என்றேன். அவளிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"எங்க வேணும்னாலும் நில்லு லா. எல்லாம் ஒன்னுதான்." சிரித்தாள், உள்ளங்கைக் கரியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு லோரிக்கு ஓடினாள்.

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன நான், இப்போது ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் கலக்குகிறேன். அண்மையில் அந்தப் பக்கம் போயிருந்தேன். லயம் இல்லை, பெரட்டுக் களமும் இல்லை. எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில் செம்பனைகள். நாங்கள் நின்ற இடத்தைத் தேடி வெகுநேரம் நடந்தேன், தெரியவில்லை. கடைசியில் ஏதோ ஒரு மரத்தடியில், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.